கூத்து ஒளிப்பதிவுகளுக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்

அப்பா எடுத்த தெருக்கூத்து ஒளிப்பதிவுகள் மொத்தமும் இப்போது கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கின்றன. நகல் எடுத்ததோடு நிற்கவில்லை. அந்த டிஸ்க்கை வேறொரு லேப்டாப்பில் செருகி, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து, படம் ஓடுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்தாயிற்று. வாங்கிச் செருகினால் முடிந்துவிடும் வேலை போலத்தான் முதலில் தெரியும், ஆனால் போர்ட், ஒயர், கரண்ட், வேலூர் வெயில், தமிழில் வைத்த ஃபைல் பெயர்கள் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டத்தில் கையைப் பிடித்து நிறுத்தியது. அதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னென்ன இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். செய்யாறு, ஆரணி, போளூர், ஆற்காடு பக்கம் எங்கே கூத்து என்று கேள்விப்பட்டாலும் அப்பா கேமராவோடு கிளம்பிவிடுவார். அது மினிடிவி டேப் கேமரா. ஒரு டேப் ஒரு மணி நேரம் ஓடும், கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஏறத்தாழ 13 ஜிபி. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு எட்டு டேப் என்று வைத்தால் ஒரே ராத்திரி 100 ஜிபியைத் தாண்டும். அப்புறம் மெமரி கார்டு கேமரா வந்தது. அதில் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆன கார்டு என்பதால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, கேமராவே படத்தைத் துண்டு துண்டாக எழுதும். இவை போக, கூத்து வாத்தியார்கள் கொடுத்த நோட்டுப் புத்தகங்களின் ஸ்கேன், ஜமா ஜமாவாக, அதாவது கூத்துக் குழு குழுவாக எடுத்த போட்டோக்கள், பாட்டைக் கேட்டுக் கேட்டு அப்பா தட்டச்சு செய்த சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கள். எல்லாம் சேர்த்து 880 ஜிபி. முகவீணை வாசித்தவர், பின்பாட்டு பாடியவர் என்று இவற்றில் இருக்கிற பலர் இன்று இல்லை. இந்த ஃபைல்கள் போனால் திரும்ப எடுக்க வழியே கிடையாது. இவ்வளவும் டெஸ்க்டாப்புக்குள் இருந்த ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன.

டிஸ்க் வாங்கும்போது அளவைப் பற்றி ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பெட்டியில் 1 டெராபைட் என்று போட்டிருந்தால் அது லட்சம் கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் கணக்குப் பார்ப்பதால் அதையே 931 ஜிபி என்றுதான் காட்டும். 880 ஜிபி வைத்திருக்கிறவர் 1 டெரா வாங்கினால் அடுத்த சீசனுக்குள் நிரம்பிவிடும். அதனால் 2 டெரா, திரையில் 1.81 என்று தெரியும். சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகையைப் பார்த்தேன், அதே விலைக்குப் பாதி இடம்கூடக் கிடைக்கவில்லை. மூன்றரை இஞ்ச் பெரிய டிஸ்க் விலைக்குத் தேவலை, ஆனால் அதற்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் வரவும் தோதுப்படாது. யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும் இரண்டரை இஞ்ச் டிஸ்க்கையே வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு கடையில் 6,400 ரூபாய்க்கு எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சிபியு பெட்டியின் முன்பக்க போர்ட்டில் செருகினேன். விளக்கு எரிந்தது, சுற்றுகிற சத்தம் லேசாகக் கேட்டது, அப்புறம் டிக், டிக் என்று இரண்டு சத்தம், டிஸ்க் நின்றது. மறுபடி தானே சுற்ற ஆரம்பித்து மறுபடி நின்றது. புது டிஸ்க் போய்விட்டது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய சத்தம் மாதிரிதான் இருக்கும், ஆனால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும் என்பது கணக்கு, 3.0 போர்ட் 900 தரும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் டிஸ்க் அதிகமாகக் கேட்கும். முன்பக்க போர்ட்டுக்குப் பெட்டிக்குள்ளேயே ஒரு நீளமான மெல்லிய ஒயர் போவதால் வரவேண்டிய வோல்டேஜும் வழியிலேயே குறைந்துவிடுகிறது. பின்பக்கம் மதர்போர்டிலேயே பதித்திருக்கிற நீல நிற 3.0 போர்ட்டில் செருகியதும் சத்தமில்லாமல் ஓடியது. வேகத்திலும் பெரிய வித்தியாசம். முன்னால் நொடிக்கு 35 எம்பி, பின்னால் 110.

பின்பக்கம் குனிந்து குனிந்து செருக முடியாது என்று ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்று 250 ரூபாய்க்கு வாங்கினேன். அது சரிவரவில்லை. பெரிய ஃபைல் ஒன்று பாதி போகும்போது டிஸ்க் காணாமல் போகும், உடனே திரும்பி வரும். டிஸ்க்கோடு வந்த அரை மீட்டர் கேபிளை மாட்டியதும் அந்தத் தொல்லை நின்றுவிட்டது. இந்த வகை டிஸ்க்கில் செருகும் இடம் அகலமாக, நடுவில் ஒரு வெட்டு விழுந்த மாதிரி இருக்கும். அது கொஞ்சம் தளர்ந்தாலும், நாம் மேசையை நகர்த்தினாலும் தொடர்பு விடும். அதனால் சிபியு பெட்டியைத் திருப்பி வைத்து, பின்பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். செலவில்லாத தீர்வு.

எதையும் எழுதுவதற்கு முன்னால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பதைப் பார்ப்பது நல்லது. முக்கியமாக மூன்று வரி: எவ்வளவு மணி நேரம் ஓடியது, கெட்டுப்போய் மாற்றிவைத்த செக்டர்கள் (தரவு எழுதும் சின்னக் கட்டங்கள்) எத்தனை, சந்தேகத்தில் நிற்கும் செக்டர்கள் எத்தனை. புது டிஸ்க்கில் பின்னது இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், முதல் வரியில் சொற்ப மணி நேரம்தான் இருக்க வேண்டும். எண்களைப் பதினறும முறையில் காட்டும், மெனுவில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தத் திரையை அப்படியே படமெடுத்து வைத்திருக்கிறேன், வருஷம் போனபின் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வந்திருந்தது. ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கும் முறைகளில் அது ஒன்று, விண்டோஸின் வழக்கமான முறை என்டிஎஃப்எஸ். அக்கா பையன் அன்று இங்கேதான் இருந்தான். “மாமா, அப்படியே இருக்கட்டும், மேக்லயும் எழுதலாம், என்டிஎஃப்எஸ்னா அதுல படிக்கத்தான் முடியும்” என்றான். அவன் சொன்னது சரிதான், எக்ஸ்ஃபேட்டில் 4 ஜிபி வரம்பும் இல்லை. அதனால் அப்படியே நகலெடுக்க ஆரம்பித்தோம். முந்நூறு ஜிபி போயிருக்கும், கரண்ட் போனது. வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பு மாடி அறைக்குக் கிடையாது, கம்ப்யூட்டருக்கென்று இருந்த யூபிஎஸ் பேட்டரியும் பழசாகிக் கிடந்ததால் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்து திறந்து பார்த்தால், எழுதிக்கொண்டிருந்த ஃபோல்டர் மட்டுமல்ல, பக்கத்து ஃபோல்டரும் திறக்கவில்லை. டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டியதும் பெயரில்லாத துண்டு ஃபைல்களாக எதையெதையோ மீட்டுக் கொடுத்தது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மூலம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்ததால் நஷ்டம் எதுவும் இல்லை.

என்டிஎஃப்எஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பில் எழுதிக்கொண்டு அப்புறம்தான் செய்யும், பாதியில் கரண்ட் போனால் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்த ஏற்பாடு இல்லை. இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. இந்த அளவு டிஸ்க்கில் எக்ஸ்ஃபேட் சாதாரணமாக 128 கேபி கட்டங்களாக இடத்தைப் பிரிக்கிறது, என்டிஎஃப்எஸ் 4 கேபி. அப்பாவின் பாட்டு டெக்ஸ்ட் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கேபிதான் வரும், அதற்கு 128 கேபி இடம் போனால் வீண்தானே. கரண்ட் போகிற ஊரில் இருக்கிறவர்கள், விண்டோஸ்தான் முதன்மையாகப் பயன்படுத்துகிறவர்கள், யோசிக்காமல் என்டிஎஃப்எஸ் போடலாம். மேக்கில் திறந்து படிக்கத்தான் போகிறோம், எழுதப் போவதில்லை.

யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி புதிதாகப் போட்டேன், ஆயிரம் ரூபாய் ஆயிற்று. மொத்தச் செலவில் மிகவும் உருப்படியான ஆயிரம் இதுதான்.

என்டிஎஃப்எஸ் போடும்போது ‘குவிக் ஃபார்மேட்’ டிக்கை எடுத்துவிட்டேன். அந்த டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதி, ஒவ்வொரு செக்டரும் தேறுகிறதா என்று பார்க்கும். நொடிக்கு 100 எம்பி என்றால் 2 டெராவுக்கு ஐந்தரை மணி நேரம், டிஸ்க்கின் உள்வட்டங்களில் வேகம் குறையும் என்பதால் அதற்கும் கொஞ்சம் மேலேயே ஆகும். காத்திருப்பது அலுப்புதான், ஆனால் புது டிஸ்க்கில் குறை இருந்தால் அது கூத்துப் படம் ஏறிய பிறகு தெரிவதைவிட இப்போதே, கடையில் மாற்றிக் கொடுக்கும் நாளுக்குள் தெரிவது மேல். முடிந்ததும் மறுபடி ஸ்மார்ட் பார்த்தேன், இரண்டும் பூஜ்யமாகவே இருந்தன.

இந்த முழு ஃபார்மேட் ஓடும்போதுதான் வெயில் குறுக்கே வந்தது. அது மே மாதம், கத்திரி நடந்துகொண்டிருந்தது, சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் ஒற்றை அறை, தலைக்கு மேலே நேராகத் தளம். வெளியே 40 டிகிரிக்கு மேல். டிஸ்க் கீழே விழுந்தால் அடிபடாமல் இருக்க ஒரு ரப்பர் உறை போட்டிருந்தேன். மதியம் பார்த்தால் டிஸ்க் 54 டிகிரி. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 50 எட்டியதுமே வெப்பநிலைக் கட்டம் மஞ்சளாகிவிடும். டிஸ்க்கோடு வந்த தாளில் சுற்றுப்புற வெப்பம் 35 வரை என்றுதான் போட்டிருந்தது, நம்மூர் மே மாதத்துக்கு அது எந்த அறையில் கிடைக்கும்? ரப்பர் உறையைக் கழற்றினேன், டிஸ்க்கைக் கீழே இறக்கிச் சமையலறைக் கடப்பைக் கல் மாதிரி ஒரு கல் துண்டின் மேல் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் 46-க்கு இறங்கியது. அதற்கப்புறம் நீளமான வேலை எதுவானாலும் விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்து எட்டு ஒன்பதுக்குள் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் 42-ஐத் தாண்டவில்லை. ரப்பர் உறை டிஸ்க்கை எடுத்துப் போகும்போது மட்டும்தான், ஓடும்போது கூடாது.

அடுத்தது டிரைவ் எழுத்து. பென்டிரைவ் ஏதாவது முன்னாலேயே செருகியிருந்தால் இந்த டிஸ்க்குக்கு விண்டோஸ் வேறு எழுத்தைக் கொடுத்துவிடும், நகலெடுக்க எழுதிவைக்கும் கட்டளை எல்லாம் தடுமாறும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ‘பி’ என்ற எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்தேன். ஏ, பி இரண்டும் ஒருகாலத்தில் ஃப்ளாப்பிக்கென்று ஒதுக்கியவை, விண்டோஸ் தானாக அவற்றை யாருக்கும் தராது, அதனால் மோதல் வராது.

நகலெடுக்க விண்டோஸிலேயே கூட வரும் ரோபோகாப்பி என்ற நகல் கட்டளையைத்தான் பயன்படுத்தினேன். இழுத்துப் போட்டு நகலெடுத்தால் நடுவில் எங்கே நின்றது என்று தெரியாது. ரோபோகாப்பி மாறியவற்றை மட்டும் எடுக்கும், நின்ற இடத்திலிருந்து தொடரும், என்ன செய்தது என்று எழுதியும் வைக்கும். இரண்டு விஷயத்தைக் கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் அது சொல்லாமலே பத்து லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும், அப்படியே விட்டால் ஒரு கெட்ட ஃபைலில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் நிற்கும். முயற்சிகளின் எண்ணிக்கையான ஆர் என்பதற்கு 2, காத்திருக்கும் நொடியான டபிள்யூ என்பதற்கு 5 என்று கொடுத்தேன். இரண்டாவது, எம்ஐஆர் என்ற சுவிட்ச். அது கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே கண்ணாடி மாதிரி டிஸ்க்கிலும் வைக்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டரில் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் அடுத்த ஓட்டத்தில் டிஸ்க்கிலும் அழித்துவிடும். இந்த வேலைக்கு அது வேண்டாம். ஈ என்ற சுவிட்ச் போதும், புதிதாக வந்ததைச் சேர்க்கும், எதையும் அழிக்காது. டிஸ்க்கில் கொஞ்சம் குப்பை சேரும், சேரட்டும்.

கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலாக நோட்பேடில் எழுதினேன். ஃபோல்டர் பெயர்கள் தமிழில் இருப்பதால் முதல் ஓட்டத்தில் ‘அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை’ என்றது. ஃபைலைத் தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யூடிஎஃப்-8 முறையில், முன்னால் பாம் என்கிற அடையாளம் இல்லாமல் சேமிக்க வேண்டும், பேட்ச் ஃபைலின் முதல் வரியில், எந்த எழுத்து முறை என்று சொல்லும் கோட்பேஜ் எண்ணை 65001-க்கு மாற்ற வேண்டும். இதைச் செய்ததும் ஓடியது. கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை, அவ்வளவுதான், உள்ளே நகல் சரியாகவே போகிறது. ரோபோகாப்பி எழுதிவைக்கும் பதிவேட்டை யூனிகோடில் எழுதச் சொல்லித் தனி சுவிட்ச் இருக்கிறது, அதைக் கொடுத்தால் நோட்பேடில் தமிழ்ப் பெயர்களை ஒழுங்காகப் படிக்கலாம்.

முதல் ஓட்டம் கணக்குப்படி இரண்டரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டும். வீடியோக்கள் போகும்வரை 100 எம்பிக்கு மேல் நிற்காமல் ஓடியது. போட்டோக்களும் டெக்ஸ்ட்டும் வந்ததும் வேகம் பத்துக்கும் கீழே விழுந்தது. இந்த விலையில் கிடைக்கும் கையடக்க டிஸ்க்குகளில் நிறைய எஸ்எம்ஆர் வகை. அதில் தரவு எழுதும் வட்டங்களான டிராக்குகள் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன் விளிம்பின் மேல் ஒன்று ஏறியிருக்கும், நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதை ஒட்டிய வரிசையையும் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். நீளமாக ஒரே ஓட்டத்தில் எழுதினால் பிரச்சினை இல்லை, பொடிப் பொடியாக எழுதினால் திணறும். பேக்கப்புக்கு இது போதும், இதையே தினசரி வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. நகல் முடிந்துவிட்டது என்று திரை சொன்ன பிறகும் டிஸ்க்கின் விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டே இருந்தது. உள்ளே இன்னும் அடுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விளக்கு நிற்கும்வரை விட்டுவிட்டு, அப்புறம் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துக் கழற்றினேன்.

சரி, நகல் ஆயிற்று. இனி சரிபார்ப்பு. ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் என்ற மென்பொருள் போட்டிருந்தால் ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ஷா-256 எண் கேட்கலாம், உள்ளே இருப்பதை வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரியான எண் அது. செவன்-ஜிப் இரண்டு எண் தரும், ஒன்று உள்ளே இருக்கும் தரவுக்கு மட்டும், இன்னொன்று தரவும் பெயர்களும் சேர்த்து. கம்ப்யூட்டரில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று எடுத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். நீளமான எண், முதல் எட்டும் கடைசி எட்டும் பொருந்தினால் எனக்குப் போதும். ஃபோல்டர் ஃபோல்டராக, விடியற்காலைகளில் செய்தேன்.

அதற்கு நடுவில்தான் அக்கா பையன் ஒன்றைக் கவனித்தான். “மாமா, ரெண்டு பொன்னை இருக்கு பாருங்க” என்றான். ஆந்திர எல்லை ஓரத்தில் பொன்னையில் எடுத்த கூத்து. அந்தப் பெயரில் அடுத்தடுத்து இரண்டு ஃபோல்டர். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாது, விண்டோஸ் விடாது. இரண்டுக்கும் செவன்-ஜிப் எண் எடுத்தால் தரவு எண் அச்சாக ஒன்று, பெயரும் சேர்த்த எண் வேறு. உள்ளே ஃபைல்களின் பெயரும் பொன்னை என்றே தொடங்குகின்றன, பார்வைக்குத் துளி வித்தியாசம் இல்லை.

விடை எழுத்துக்குள் இருந்தது. ‘பொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ப-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, விண்டோஸுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். அப்பாவின் நண்பர் ஒருவர் பழைய மேக்கில் அந்தக் கூத்தை ஜிப்பாகக் கட்டிக் கொடுத்திருந்தார். பழைய மேக் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும், அது அப்படியே ஜிப்பிலும் ஏறி வந்துவிட்டது. கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது: பெயரை மாற்றும் கட்டத்தில் ‘பொ’வுக்கு அடுத்து கர்சரை வைத்து ஒரே ஒரு பேக்ஸ்பேஸ் அடியுங்கள். ‘ப’ மிஞ்சினால் சேர்ந்த எழுத்து, ‘பெ’ மிஞ்சினால் பிரிந்த எழுத்து. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், போளூர், கோட்டை, கௌரவர் எல்லாமே மாட்டும். 40 ஜிபிக்கு மேல் வீணாக இரட்டிப்பாகியிருந்தது. தேடும்போதும் ஒன்று அகப்பட்டு இன்னொன்று அகப்படாது. பவர்ஷெல்லில் நார்மலைஸ் என்ற வசதியை வைத்து எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும் சின்ன வரி ஒன்றை அவன் எழுதினான், அப்புறம் இரட்டைகளை நீக்கினோம்.

பெயரில் இன்னொரு சிக்கல், மீட்டுப் பார்க்கும் சோதனையில் வந்தது. டிஸ்க்கை அக்கா பையனின், உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில் செருகி, சில ஃபோல்டர்களை அதன் உள்டிஸ்க்கில் இறக்கினோம். என்டிஎஃப்எஸ் சிரமமில்லாமல் திறந்தது. ஆனால் சில ஃபைல்களை ‘பெயர் மிக நீளம்’ என்று ஏற்க மறுத்தது. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் 255 பைட்தான், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறிகள். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகவே எண்ணப்படும், ‘கூத்து’ என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஆறு குறி, 18 பைட். அப்பா ஊர், திருவிழா, ஜமா, வாத்தியார் பெயர், யார் யார் எந்த வேஷம் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதிவிடுவார். அந்த விவரம் ஒவ்வொன்றும் முக்கியம், ஒரு சொல்கூட விடக் கூடாது. அதனால் பெயரில் ஊரும் தேதியும் மட்டும் வைத்து, மீதியை அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் பக்கத்திலேயே வைத்தோம்.

அப்புறம் ஒவ்வொரு படத்தையும் அங்கங்கே ஓட்டிப் பார்த்தோம். விஎல்சியில் தொடக்கம், நடு, கடைசி. அப்பாவுக்கு இப்போது கண் அவ்வளவு தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஆர்மோனியப் பெட்டி எடுத்துக் கொடுக்கும் சுருதியைக் கேட்டே எந்த ஜமா என்று சொல்லிவிடுகிறார், அதையும் டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்தோம். செய்யாறு பக்கத்து அர்ச்சுனன் தபசு வந்தது. வேஷம் கட்டியவர் பாடிக்கொண்டே பனைமரத் தபசு மரத்தில் படி படியாக ஏறுகிறார், கீழே பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள், மேலிருந்து எலுமிச்சம்பழம் விழப்போகிற நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது, பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை நிமிஷம் கழித்துத்தான் படம் மறுபடி நகர்ந்தது, அதற்குள் பழம் விழுந்து முடிந்திருந்தது. ஷா-256 எண் பொருந்தியிருந்த ஃபைல் இது. கம்ப்யூட்டரில் இருக்கும் மூலத்தை ஓட்டினாலும் அதே இடத்தில் நிற்கிறது. டேப்பிலிருந்து ஏற்றியபோதே ஃபிரேம்கள் விட்டுப் போயிருக்கின்றன. எண் பொருந்துவது நகல் மூலத்தைப் போலவே இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. ஓட்டிப் பார்க்காமல் இது தெரிந்திருக்காது.

அப்பா இன்னும் டெக்ஸ்ட் ஃபைல்களைத் திருத்திக்கொண்டே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரியை இதே டிஸ்க்கில் போட்டிருக்கிறேன், பழைய வடிவங்களும் கிடைக்கும். ஃபைல் பெயரோடு அது ஒட்டும் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை பத்து மணித் திருத்தம் நாலரை என்று தெரியும், தேடும்போது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நிலப் பத்திரம், ஆதார் ஸ்கேன் முதலியவற்றைக் கடவுச்சொல் போட்ட செவன்-ஜிப் ஃபைலாகக் கட்டி வைத்தேன். கூத்துப் படங்களுக்குப் பூட்டு போடவில்லை, யார் கையில் கிடைத்தாலும் திறந்து பார்க்க முடிய வேண்டும்.

வேலை இல்லாத நேரத்தில் டிஸ்க் கம்ப்யூட்டரில் செருகியிருக்காது. இடி மின்னலோ வைரஸோ வந்தால் செருகியிருக்கிற டிஸ்க்கும் சேர்ந்து போகும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, ராணிப்பேட்டையில் அக்கா வீட்டு பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு மேல்தட்டு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை என்றால் பெயர்களை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் நகலில் கை வைப்பேன், நகலெடுத்த பிறகு பெயர் மாற்றினால் ரோபோகாப்பி அதைப் புது ஃபைல் என்று நினைத்து முழுவதையும் திரும்ப எழுதுகிறது. கத்திரிக்கு முன்னால், மாசியிலேயே தொடங்குவேன். நீளக் கேபிளுக்குப் போன 250 ரூபாயில் அதே அரை மீட்டர் கேபிள் இன்னொன்று வாங்கி டப்பாவிலேயே போட்டு வைப்பேன். வேறு கம்பெனி டிஸ்க் இன்னொன்றும் வாங்க வேண்டும், ஒன்று அக்கா வீட்டில், ஒன்று இங்கே என்று மாற்றி மாற்றி வைக்க.

அதற்கு முன்னால் அந்தத் தபசு. டேப் அலமாரியில் இருக்கிறது, கேமராவும் ஓடுகிறது. இந்த மதர்போர்டில் டேப் கேமராவை இணைக்கும் ஃபயர்வயர் போர்ட் இல்லாததால் அதற்கொரு கார்டும், கேமரா பக்கம் நாலு பின் உள்ள ஒயரும், ஹெட் துடைக்கும் டேப்பும் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலூரில் யாரிடமாவது வேலை செய்யும் நிலையில் ஃபயர்வயர் கார்டு இருந்தால் சொல்லுங்கள், விலைக்கோ இரவலுக்கோ வாங்கிக்கொள்கிறேன்.